பவளப்பாரின் சிறு ஓட்டுடலிகளுக்குப் பெயர் காண எந்த வழி? ஒளிப்படம், நுண்ணோக்கி, மரபணு: ஓர் ஒப்பீடு

இராமநாதபுரம் கடற்கரையின் சிற்றுயிர்களைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. மண்டபத்தில் கடற்பாசி மிதவையை உதறும்போது விழுந்த, அரிசி அளவுள்ள ஓர் உயிரையோ, கீழக்கரையில் நண்டு வலையைப் பிரிக்கும்போது கையில் ஒட்டிய, விரல் நகத்துக்குள் அடங்கும் ஒரு நண்டையோ வைத்துக்கொண்டு, "இதற்குப் பெயர் காணப் படம் எடுத்தால் போதுமா, நுண்ணோக்கியில் வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டுமா, அல்லது நேரே மரபணுச் சோதனைக்கு அனுப்பிவிடலாமா?" என்று கேட்கிறார்கள். முதுகலை ஆய்வேட்டுக்காகக் கேட்கும் மாணவர்கள் உண்டு. பள்ளியில் ஒரு சிறிய காட்சிப் பெட்டி அமைக்க விரும்பும் ஆசிரியர்கள் உண்டு. வலையில் கிடைப்பவற்றையெல்லாம் கைபேசியில் படம் பிடித்துச் சேர்த்து வரும் மீனவ இளைஞர்களும் உண்டு. மூவருக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியாது என்பதால்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

ஓட்டுடலிகள் என்று இங்கே நான் சொல்வது இறாலும் நண்டும் சிங்கி இறாலும் அடங்கிய கிரஸ்டேசியன் கூட்டத்தை. அதிலும் ஏலக்கூடத்துக்கு வராத சிறியவற்றையே குறிக்கிறேன்: சொடுக்கு இறால்கள், பவளக் கிளைகளுக்கிடையே வாழும் நண்டுகள், ஆம்ஃபிபாடுகள், ஐசோபாடுகள், டனைடுகள், கோப்பிபாடுகள் முதலியவை. பவளப்பாரின் உயிர்ச்செல்வத்தில் பெரும்பகுதி இவற்றிடம்தான் இருக்கிறது. வெப்பக் கடல்களின் பல இடங்களில் இறந்த பவளத் தலைகளையும் அவற்றைப் போன்ற செயற்கைத் தட்டுகளையும் ஆராய்ந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, மொத்தம் 6.3 சதுர மீட்டர் பரப்பிலிருந்து மட்டும் 525 ஓட்டுடலிச் சிற்றினங்களைப் பிரித்துக் காட்டியது. ஒரு சிறிய அறையின் தரை அளவுதான் அது. நம் கரையைப் பொறுத்தவரை இந்தத் தேடல் புதியதும் அன்று. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இராமேசுவரம் பகுதியில் சேகரித்தவற்றையும் சேர்த்து விலங்கியலாளர் ஜே. ஆர். ஹெண்டர்சன் 1893இல் இந்திய ஓட்டுடலிகளைப் பற்றி விரிவாக எழுதினார். குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்டது. அதற்குப் பிறகும், ஆம்ஃபிபாடு போன்ற சிறியவற்றில் பெயர் காணாமல் கிடப்பவை ஏராளம்.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதலாவது, எந்த மட்டம்வரை பெயர் வேண்டும் என்பது. "இது ஒரு ஐசோபாடு" என்பதும் பெயர்தான், குடும்பத்தைச் சொல்வதும் பெயர்தான், சிற்றினத்தைச் சொல்வதும் பெயர்தான். ஒவ்வொன்றுக்கும் ஆகும் உழைப்பு மட்டும் வேறு வேறு. இரண்டாவது, நீங்கள் வைத்த பெயரைப் பத்தாண்டுகள் கழித்து இன்னொருவர் சரிபார்க்க முடியுமா என்பது. மூன்றாவது, பணமும் நாளும். நான்காவது, சட்டம். ஐந்தாவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்: இன்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழி, நாளை வேறு வழியில் போவதற்கான கதவை அடைத்துவிடுகிறதா என்பது. இந்த உயிர்களைப் பொறுத்தவரை அந்தக் கதவு ஆய்வகத்தில் அடைபடுவதில்லை. கரையில், பிடித்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், எந்தப் போத்தலில் போடுகிறீர்கள் என்பதிலேயே அடைபட்டுவிடுகிறது.

முதலில் சட்டம்

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள பார்களும் அதில் அடங்கும். பூங்காவுக்குள்ளிருந்து ஓர் உயிரை எடுக்க மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துவழி அனுமதி வேண்டும். கடினப் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், உள்ளே வாழும் நண்டுக்காக ஒரு பவளக் கிளையை உடைப்பது, அது எவ்வளவு சிறிய கிளையாக இருந்தாலும், குற்றமே. கரை ஒதுங்கிய இறந்த பவளத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வதையும் தவிர்த்துவிடுங்கள்.

ஆகவே அனுமதி பெறாத ஆர்வலருக்கு மிஞ்சும் நேர்மையான இடங்கள் பூங்காவுக்கு வெளியேதான் இருக்கின்றன. விசைப்படகுகளின் சங்காயக் குவியல் (வலையில் சேர்ந்து வரும், உணவுக்கு விலைபோகாத சிற்றுயிர்க் கழிவு), நண்டு வலைகளில் சிக்கி வரும் கடற்பஞ்சும் சங்கும், கரைவலையில் ஏறும் கடற்புல் குப்பை, உரியவர் சம்மதத்துடன் கடற்பாசி மிதவை ஆகிய நான்குமே போதுமான அளவு தரும். சங்காயத்தை நம்பித் திட்டமிடுபவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தை மறக்க வேண்டாம். அந்நாட்களில் நாட்டுப்படகு வலைகளும் மிதவைகளும்தான் துணை. மண்டபத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தென்மேற்குக் காற்றில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது வடகடலான பாக் நீரிணைப் பக்கம் அடங்கியிருக்கும். வாடை வீசும்போது நிலைமை மாறிவிடும். ஒரே ஊரில் நின்றுகொண்டு இரண்டு கடல்களின் உயிர்களையும் ஒப்பிடும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை.

போத்தலில் நடக்கும் தேர்வு

| எதில் வைப்பது | நிறம் | உடலமைப்பு | மரபணு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஃபார்மலின் (ஒரு பங்குக்குக் கடல்நீர் ஒன்பது பங்கு) | மெல்ல மங்கும் | உறுதியாக நிற்கும் | கெட்டுவிடும் | ஆவி நச்சு. வெண்காரம் சேர்க்காவிட்டால் அமிலமாகி ஓட்டின் சுண்ணாம்பைக் கரைக்கும் |
| 95 விழுக்காடு எத்தனால் | சில நாட்களில் போய்விடும் | விறைத்துக் கால்கள் உதிரும் | நன்றாக நிலைக்கும் | வாங்குவதற்கு அனுமதி, முதல் நாளே மாற்றி ஊற்ற வேண்டும், தீப்பற்றும் |
| 70 விழுக்காடு எத்தனால் | போய்விடும் | வளைந்து கொடுக்கும், பிரித்துப் பார்க்க ஏற்றது | நாளடைவில் சிதையும் | ஆவியாகும் நீர்மத்தை ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும் |
| உறைபெட்டி | ஓரளவு நிற்கும் | உருகும்போது குலையும் | தடையின்றிக் குளிர் இருந்தால் நிலைக்கும் | மின்வெட்டு |

இந்த அட்டவணையைப் பார்த்தாலே ஒன்று விளங்கும். நிறத்தைக் காக்கும் நீர்மம் எதுவும் இல்லை. ஆகவே ஒளிப்படம் என்பது மற்ற வழிகளுக்குப் போட்டியான ஒரு வழி மட்டுமன்று. மற்ற எல்லா வழிகளுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலையும் அதுவே. ஃபார்மலினில் இட்டதை மரபணுவுக்காக மீட்பது மிகக் கடினம், 95 விழுக்காட்டு எத்தனாலில் இட்டதை உடலமைப்புக்காகப் பார்ப்பதோ சற்றுச் சிரமம் தருமேயன்றி இயலாததன்று. ஒரே போத்தல்தான் உண்டு என்றால் எத்தனாலையே எடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒரே இடத்தில் ஒரே வகையாகத் தோன்றும் பத்து உயிர்கள் கிடைத்தால், எட்டை எத்தனாலிலும் இரண்டை ஃபார்மலினிலும் இடலாம்.

இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உயிருடன் நேரே எத்தனாலில் போட்டால் பல சிறு நண்டுகள் தம் கால்களைத் தாமே கழற்றிவிடும். பீங்கான் நண்டுகள் பெரிய கவைக்காலையே, அதாவது இடுக்கிபோல் பற்றும் காலையே, விட்டுவிடும். பனிக்கட்டியில் வைத்த கிண்ணத்துக் கடல்நீரில் மெல்லக் குளிரவிட்டு, அல்லது நீரில் சிறிதளவு கிராம்பு எண்ணெயைக் கலந்து உணர்விழக்கச் செய்து, அசைவு நின்ற பிறகே போத்தலுக்கு மாற்ற வேண்டும். அந்த உயிருக்கும் அதுவே கருணை. உள்ளே போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். இடம், நாள், ஆழம், பிடித்த கருவி ஆகியவற்றோடு எந்த உயிரின்மேல் அல்லது எதற்குள் இருந்தது என்பதையும் எழுதுங்கள். இந்தச் சிறு உயிர்களில் பல, குறிப்பிட்ட ஒரு பவளத்தையோ கடற்சாமந்தியையோ கடற்பஞ்சையோ விட்டு வேறிடத்தில் வாழ்வதில்லை. ஆகவே இருந்த இடமே பாதிப் பெயரைச் சொல்லிவிடும்.

ஒளிப்படம்

செலவு குறைந்த வழி இது. உயிரை மீண்டும் கடலிலேயே விட்டுவிடலாம் என்பதால் எவருடைய மனத்தையும் உறுத்தாத வழியும் இதுதான்.

சில கூட்டங்களில் இது மட்டுமே போதுமானது. போசிலோபோரா பவளக் கிளைகளுக்குள் இணையாக வாழும் டிரபீசியா நண்டுகளைப் பிரித்தறிவதில் நிறமும் புள்ளிகளும்தான் முதல் அடையாளம். உடல் முழுவதும் செம்புள்ளிகள் பரவிய டிரபீசியா ரூஃபோபங்டாட்டாவையும், புள்ளியில்லாத டிரபீசியா சைமோடோசியையும் உயிருடன் பார்க்கும்போது குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. எத்தனாலில் ஓராண்டு கிடந்த பிறகு இரண்டும் ஒரே வெளிர் நிறத்துக்கு வந்துவிடும். கம்பளம்போல் விரியும் கடற்சாமந்தியின்மேல் உலாவும், கண்ணாடிபோன்ற உடலில் வெண்திட்டுகளும், வால்விசிறியில் கருவிளிம்பிட்ட ஆரஞ்சுப் பொட்டுகளும் கொண்ட இறாலுக்கும் தெளிவான ஒரு படம் போதும். பழைய நூல்களில் பெரிக்ளிமினிஸ் பிரெவிகார்பாலிஸ் என்றிருக்கும் அதை இப்போது ஆன்சைலோகாரிஸ் என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார்கள்.

நிறம் சில வேளைகளில் பழைய பெயர்களையே ஐயுற வைக்கிறது. கடல் அல்லியின்மேல் வாழும் அல்லோகலாதியா எலிகன்ஸ் என்ற குட்டி இறால்நண்டை நெடுங்காலம் ஒரே சிற்றினமாகவே கொண்டிருந்தார்கள். நிற வேறுபாடுகளையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வு அதை நான்காகப் பிரித்தது. அதற்கு முந்தைய காலத்துச் சேகரிப்புகளில் உயிருடன் எடுத்த படம் இருந்திருந்தால் எவ்வளவு உதவியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ஒரு படம் தன்னிடம் இல்லாத ஒன்றைத் தர முடியாது. ஐந்து மில்லிமீட்டர் ஆம்ஃபிபாடின் வாயுறுப்பு படத்தில் தெரியாது. இனங்காணும் செயலி ஒன்று சிற்றினப் பெயரையே உறுதியாகச் சொல்லும்போதுதான் நாம் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இந்தக் கூட்டங்களில் அது தன்னிடம் ஏற்கெனவே உள்ள சில படங்களில் நெருங்கியதைச் சொல்கிறதேயன்றி, நம் கடலில் உள்ளதைச் சொல்வதில்லை. மறைந்திருக்கும் செலவும் இதுதான்: உயிரைத் திருப்பி விட்ட பிறகு படத்தில் ஓர் ஐயம் எழுந்தால் தீர்த்துக்கொள்ள வழியே இல்லை. ஆகவே மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டு கவைக்கால்களையும் தனித்தனியாகக் காட்டுவது ஒன்று, இருந்த இடத்தோடு ஒன்று என்று குறைந்தது நான்கு படங்கள், அருகில் ஓர் அளவுகோலுடன், வெண்கிண்ணத்திலும் கருங்கிண்ணத்திலும் எடுங்கள். மூடி கழற்றிய தயிர் டப்பாவின் அடியில் கறுப்புத் துணி போட்டு நான் எடுத்த படங்கள் பல இன்றும் எனக்குப் பயன்படுகின்றன.

நண்டு, சொடுக்கு இறால், கடற்சாமந்தி இறால், கும்பிடுபூச்சி இறால் ஆகியவற்றுக்கும், பள்ளிக் காட்சிக்கும், பூங்கா எல்லைக்குள் அனுமதியோடு மூழ்கிப் பார்ப்பவர்களுக்கும் இதுவே முதல் தேர்வு.

நுண்ணோக்கியும் திறவுகோலும்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது என்பதை மறைக்கத் தேவையில்லை. பிடித்திருப்பதாலேயே இதன் குறைகளையும் முழுமையாகச் சொல்கிறேன்.

பத்து மடங்கு முதல் நாற்பது மடங்குவரை பெரிதாக்கும் இருகண் நுண்ணோக்கி ஒன்று இருந்தால் வரிசையும் குடும்பமும் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். உடல் பக்கவாட்டில் தட்டையாக இருந்தால் ஆம்ஃபிபாடு, மேலும் கீழுமாகத் தட்டையாக இருந்தால் ஐசோபாடு என்பது முதல் பாடம். குழல்போன்ற உடலும் முன்னால் ஓர் இணைக் கவைக்காலும் இருந்தால் டனைடு. வால்விசிறியின் உள்மடலில் பளிங்குக் குண்டுகள்போல் இரண்டு உருண்டைகள் தெரிந்தால் மைசிட். இரண்டு ஓடுகளுக்குள் மூடிய விதைபோல் இருந்தால் ஆஸ்ட்ரகாடு. இறால் வடிவில் இருப்பவற்றில், வயிற்றுப்பகுதியின் இரண்டாம் கணுவின் பக்கத்தகடு, முன்னுள்ள முதல் கணுவையும் பின்னுள்ள மூன்றாம் கணுவையும் மூடிக்கொண்டிருந்தால் அது சொடுக்கு இறாலும் கடற்சாமந்தி இறாலும் சேர்ந்த காரிடியன் கூட்டம். நாம் சந்தையில் வாங்கும் இறாலில் அப்படி இருக்காது, அதற்கு முதல் மூன்று இணைக் கால்களிலும் கவை இருக்கும். இன்று சமையலுக்கு வாங்கும் இறாலிலேயே இதைப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம்.

பேரினத்துக்குப் போகும்போது வேலை நுணுகுகிறது. சொடுக்கு இறாலின் தலையோட்டு முன்விளிம்பில், நடு முள்ளின் இருபுறமும் கண்மூடிகளின்மேல் அதற்கு இணையான இரண்டு முட்கள் நின்று திரிசூலம்போல் தெரிந்தால் பெரும்பாலும் சினால்ஃபியஸ். அப்படி இல்லாவிட்டால் ஆல்ஃபியஸ் பக்கம் தேடலாம். சிற்றினத்துக்கு இறங்கினால் நூறு மடங்குக்கு மேல் காட்டும் நுண்ணோக்கியும், மெல்லிய ஊசிகளும், கண்ணாடி வில்லைகளும், கிளிசரினும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமையும் வேண்டும். ஓர் ஆம்ஃபிபாடின் வாயுறுப்புகளையும் இரண்டு இணைக் கவைக்கால்களையும் வால்நுனித் தகட்டையும் கழற்றி வில்லையில் பதித்து வரைந்து முடிக்கப் பழகியவருக்கே ஒரு முழு நாள் ஆகும். கோப்பிபாடில் ஐந்தாம் காலும் நண்டில் ஆணின் முதல் இணை வயிற்றுக்காலும்தான் பல வேளைகளில் தீர்ப்புச் சொல்கின்றன.

இங்கேதான் இந்த வழியின் பெரிய மறைசெலவு நிற்கிறது. ஆம்ஃபிபாடுகளில் பல குடும்பங்களில் ஆணை வைத்துத்தான் சிற்றினம் சொல்ல முடியும். பெண்களும் குஞ்சுகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு மிதவையிலிருந்து முப்பது எடுத்தும் முதிர்ந்த ஆண் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். மீன்களின் இரத்தத்தை உறிஞ்சும் நாத்தியிட் ஐசோபாடுகளில் இது இன்னும் கடுமை. மீனின்மேல் நமக்குக் கிடைப்பவை இளம்பருவத்தவை. சிற்றின விளக்கங்களோ முதிர்ந்த ஆணை அடிப்படையாகக் கொண்டவை. அந்த ஆண் மீனிடம் வருவதே இல்லை. உணவும் உண்ணாமல், பெரிய தாடைகளுடன், இறந்த பவளத்தின் பொந்துகளிலோ கடற்பஞ்சுக்குள்ளோ கிடக்கிறது. ஏழு இணை நடைகால்களைத் தேடிப் பழகிய மாணவர் அதில் ஐந்தையே கண்டு, இது ஐசோபாடே இல்லை என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு.

திறவுகோல்களைப் பற்றியும், அதாவது உறுப்புகளைப் பற்றிய கேள்விகள் வழியாகப் படிப்படியாகப் பெயருக்கு அழைத்துச் செல்லும் பட்டியல்களைப் பற்றியும், ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு திறவுகோல் அதில் சேர்த்த சிற்றினங்களுக்கு மட்டுமே திறக்கும். ஆஸ்திரேலியக் கரைக்கு எழுதியதை வைத்துக்கொண்டு பாம்பன் உயிரைத் தேடினால், அது கடைசி வரியில் ஒரு பெயரைக் கட்டாயம் தரும். ஆனால் நம் உயிர் அந்தப் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். கிடைத்த பெயரின் முதல் விளக்கத்தையும் வரைபடத்தையும் தேடி எடுத்து, உறுப்புக்கு உறுப்பு ஒத்துப்பார்க்காமல் அதை எழுதிவிடாதீர்கள். ஹெண்டர்சன் காலத்துப் பெயர்களைப் பயன்படுத்துவோர் உலகக் கடலுயிர்ப் பெயர்ப் பதிவேட்டில் இன்றைய பெயரையும் பார்த்துக்கொள்வது நல்லது. அந்தப் பதிவேட்டைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

நாளும் கைப்பழக்கமும் உள்ளவர்களுக்கும், ஒரே கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகள் அதில் ஊன்றி நிற்க விரும்புபவர்களுக்கும், புதிய சிற்றினம் என்று ஐயம் எழுந்த எவருக்கும் இந்த வழியைத் தவிர்க்கவே முடியாது.

மரபணுப் பட்டைக்குறி

விலங்குகளின் உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் சுமார் 658 எழுத்து நீளமுள்ள துண்டைப் படித்து, அதைக் கொண்டு சிற்றினத்தைச் சொல்லலாம் என்ற கருத்து 2003இல் முன்வைக்கப்பட்டது. அந்தத் துண்டைப் பெருக்க இன்றும் பரவலாகப் பயன்படும் தொடக்கத் துணுக்குகள் (பிரைமர்கள்) 1994இலேயே வெளியாகியிருந்தன. ஒரு காலின் தசை இதற்குப் போதும். மிகச் சிறிய உயிராக இருந்தால் முழு உடலையும் கரைநீர்மத்தில் ஊறவைத்து, மரபணு வெளியேறிய பிறகு வெற்று ஓட்டை எடுத்து வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. ஓட்டை வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லும் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டாம்.

இதன் வலிமை, நுண்ணோக்கி கைவிடும் இடங்களில் தெரிகிறது. மேலே சொன்ன நாத்தியிட் குஞ்சையும் அதன் ஆணையும் ஒன்றென்று இணைத்துக் காட்ட, குஞ்சை வளர்த்து ஆணாக்குவதைத் தவிர, இதுவே வழி. பெண் ஆம்ஃபிபாடுக்கும் அப்படியே. போசிலோபோராவில் டிரபீசியாவோடு சேர்ந்து காவல் நிற்கும் ஆல்ஃபியஸ் லோட்டினி என்ற சொடுக்கு இறால் உண்மையில் ஒரு சிற்றினமன்று, தோற்றத்தில் நெருங்கிய பல கால்வழிகளின் கூட்டம் என்பதையும் மரபணுதான் தெளிவாக்கியது.

ஆயினும், "எப்படியும் மரபணுவுக்கு அனுப்பினால் பெயர் வந்துவிடும்" என்ற நம்பிக்கைதான் இப்போது மாணவர்களிடம் நான் அதிகம் காணும் தவறான கணக்கு. மரபணு நமக்கு எழுத்துகளைத்தான் தருகிறது; பெயரைத் தருவது அந்த எழுத்துகளை ஒப்பிடும் தரவுத்தளம். நம் கரையின் சிறு ஓட்டுடலிகளில் பல அங்கே இல்லை. ஒரு முறை நான் ஒரு தனியார் ஆய்வகம் வழியாகப் பன்னிரண்டு ஆம்ஃபிபாடுகளைப் படித்துப் பெற்றேன். ஐந்தில் மரபணு பெருகவே இல்லை. மீதி ஏழில் ஒன்றுக்குக்கூட 90 விழுக்காட்டைத் தாண்டிய பொருத்தம் கிடைக்கவில்லை. அந்த அளவுப் பொருத்தத்தில் பேரினத்தையே உறுதியாகச் சொல்ல இயலாது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல பழைய நுண்ணோக்கியைச் சீர்செய்திருக்கலாம் என்று பல நாள் வருந்தினேன். ஆயினும் ஓடுகளைத் திரும்பப் பெற்றிருந்ததால், அவற்றை வில்லையில் வைத்துப் பார்த்து நான்கைக் குடும்பம்வரை கொண்டுவர முடிந்தது.

வேறொரு கண்ணியும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் பழைய நகல்கள் சில வேளைகளில் உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, செயலற்றுக் கிடக்கும். சோதனையில் உண்மையான மரபணுவுக்குப் பதில் அந்த நகல் பெருகிவிட்டால், இல்லாத ஒரு சிற்றினம் முளைத்துவிடும். சொடுக்கு இறால்களின் ஆல்ஃபியஸ் பேரினத்தில் இந்தப் போலி நகல்கள் மிகப் பரவலாக இருப்பதை 2001இலேயே எடுத்துக்காட்டினார்கள். நம் கரையில் முதலில் கைக்கு வரும் உயிர்களில் ஒன்று சொடுக்கு இறால் என்பதால் இதை நாம் மனத்தில் வைக்க வேண்டும். வந்த எழுத்து வரிசையின் நடுவில் நிறுத்தக் குறி (புரத உருவாக்கம் அங்கே முடிகிறது என்று சொல்லும் மூன்றெழுத்து) விழுகிறதா என்று பார்ப்பதும், 16எஸ் என்ற மற்றொரு மரபணுவையும் சேர்த்துப் படிப்பதும் பாதுகாப்பு. அதற்கு ஆகும் செலவையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் எழுதுங்கள். தரவுத்தளத்தில் ஒருவர் தவறாகப் பெயரிட்டு ஏற்றியதைப் பத்துப் பேர் எடுத்தாண்டால் அந்தத் தவறுக்குப் பத்துச் சான்றுகள் கிடைத்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். எந்த அருங்காட்சியக மாதிரியிலிருந்து அந்த எழுத்துகள் வந்தன என்று பதிவில் இருந்தால் மட்டுமே அதற்கு முழு எடை கொடுங்கள்.

நிதி உள்ள, பலர் சேர்ந்து செய்யும் திட்டங்களுக்கும், குஞ்சுப்பருவங்களை ஆராய்வோருக்கும், மறைந்திருக்கும் சிற்றினங்களைப் பிரிக்க விரும்புவோருக்கும் மரபணு ஏற்றது. தனியாகத் தொடங்கும் மாணவருக்கு இதை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்ணிட்டு வைப்பது

சிற்றினப் பெயரே வேண்டாத கேள்விகளும் உண்டு. கடற்புல் நிலத்தில் கூடுதல் உயிர்கள் வாழ்கின்றனவா, பாசி மிதவையில் கூடுதலாக வாழ்கின்றனவா என்று கேட்பவருக்குக் குடும்பம்வரை பிரித்து, அதற்குள் வேறுபட்டுத் தெரிபவற்றை "ஆம்ஃபிபாடு அ, ஆம்ஃபிபாடு ஆ" என்று குறித்து எண்ணினாலே விடை கிடைத்துவிடும். தவறான சிற்றினப் பெயர் எழுதுவதைவிட இது பல மடங்கு மேல். ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு படமும் ஒரு போத்தலும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே கட்டுப்பாடு. இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு உங்களுக்கே "அ" எது என்பது மறந்துபோகும்.

வல்லுநரிடம் அனுப்புவது

ஒரு கூட்டத்தை வாழ்நாள் முழுவதும் படித்தவருடைய கண்ணுக்கு ஈடாக மேலே சொன்ன வழிகளில் எதுவும் இல்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் உலகிலேயே ஒரு கூட்டத்துக்குச் சிலர்தான். விடைக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியும் வரலாம். உங்கள் ஆய்வேட்டின் கடைசி நாளுக்கும் அவருடைய ஓய்வு நேரத்துக்கும் தொடர்பில்லை என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.

நாட்டுக்குள் அனுப்புவது எளிது. வெளிநாட்டவருக்கு மாதிரியையோ பிரித்த மரபணுவையோ அனுப்பும்போது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம் குறுக்கே வரும்; சென்னையில் இயங்கும் தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டுமா என்பதைக் கேட்டறியாமல் அஞ்சலில் சேர்க்காதீர்கள். புதிய சிற்றினம் என்று முடிவானால் அதைத் தெரிவித்து, அதன் மாதிரியை அரசு அறிவித்த காப்பகம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்திய விலங்கியல் ஆய்வகம் அத்தகைய காப்பகங்களில் ஒன்று. கண்டெடுத்தவர் என்ற முறையில் உங்களுக்கு எந்த இடம் கிடைக்கும் என்பதையும் முதல் கடிதத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். மனக்கசப்புகள் பெரும்பாலும் பேசாமல் விட்டதிலிருந்தே வருகின்றன.

முதல் கடிதத்தோடு போத்தலை அனுப்ப வேண்டாம். உயிருடன் எடுத்த நான்கு படங்களும், எந்த உயிரின்மேல் இருந்தது, எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழம், எந்த வலை, எந்த நாள் என்ற விவரமும், நீங்களாக வந்து சேர்ந்த குடும்பப் பெயரும், அந்த முடிவுக்கு எந்த உறுப்பைப் பார்த்து வந்தீர்கள் என்ற இரண்டு வரியும் போதும். கூடவே, ஒரு கால் மட்டும் எடுத்த உடல் எத்தனாலில் பத்திரமாக இருக்கிறது என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரியைப் படித்தவர் பதில் எழுதாமல் விட்டதாக எனக்கு நினைவில்லை.